இழுவை

லிஃப்ட் மெக்கானிக்கின் இதயம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நின்றுபோனது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போலப் பத்து நிமிடம் தாமதமாகக் கூட்டத்துக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, போன வாரம் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார். இடையில் நடந்தது இவ்வளவுதான். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், ஸ்பேனரும் கையுமாகச் சரிந்தவரை உடன் வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்த டாக்டர் மணிக்கட்டில் நாடி பார்த்தார், இல்லை. கழுத்தில் பார்த்தார், அங்கேயும் இல்லை. சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடும்போது மெக்கானிக் எழுந்து உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். செவ்வாய் என்றதும், அப்படியானால் ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். டாக்டர் மறுபடி மார்பில் குழாயை வைத்துப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. எழுதியதை அடிக்கக் காரணம் எதுவும் இல்லாததால் சான்றிதழை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார். ஒரு வேலைக்கு இரண்டு நடை நடப்பது மெக்கானிக்குக்குப் பிடிக்காது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தார். கவுண்டரில் இருந்த குமாஸ்தா தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "இதெல்லாம் நீங்களே கொண்டுவந்தா செல்லாது சார். வீட்டுலேருந்து யாராவது வரணும்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் மெக்கானிக்கின் வாய். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் வாயால் பிழைத்தார். பல் டாக்டரின் கிளினிக்குக்கு ஞாயிறு விடுமுறை. அதன் காத்திருப்பு அறையில் வாராவாரம் சினிமாப் பைத்தியங்கள் கூடுவார்கள்: பல் டாக்டர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் டீச்சர், மெக்கானிக். சாவி மெக்கானிக்கின் மனைவியிடம் இருந்தது. அந்தக் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள் அவள்தான். எல்லாருக்கும் அவள் டோக்கனக்கா. சுவரில் ஒரு காலத்தில் சிகிச்சைகளின் பெயர் எழுதியிருந்த வெள்ளைப் பலகையில் சரியாகப் பத்து வரிகள் இருந்தன. உலகத்தில் இதுவரை வந்த படங்களிலேயே மகா சிறந்த பத்தை அதில் எழுதி முடிப்பதுதான் கூட்டத்தின் ஒரே வேலை. ஒன்பது வரிகள் நிரம்பப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. ஒன்பதாவது படத்துக்காக ஒரு நாற்காலி உடைந்தது. டீச்சரும் கண்ணாடிக்காரரும் எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஐந்தாவதாக ஒரு வாத்தியார் இருந்தார். அவர் மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட, ஒற்றைப்படை இரட்டைப்படை ஆகி, பத்தாவது வரி இரண்டுக்கு இரண்டு என்று முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு பக்கம் திருடன் படம். ஒன்றரை மணி நேரம், ஒரு நொடி வீண் இல்லை, செத்த பிணமும் எழுந்து சிரிக்கும் என்பது பல் டாக்டர், கண்ணாடிக்காரர் கட்சி. மறுபக்கம் பீரோ படம். லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு இரும்பு பீரோவை ஐந்தாவது மாடிக்குப் படிப்படியாகத் தூக்கிப் போகிறார்கள். படம் முழுக்க அவ்வளவுதான். உயிரைக் கொடுத்து அதற்காகப் பேசியவர்கள் மெக்கானிக்கும் டீச்சரும். "ரெண்டே முக்கால் மணி நேரம் ஒரு பீரோவை இழுக்குறாங்க. இழுவைங்கிற வார்த்தையே இந்தப் படத்தைப் பாத்துதான் கண்டுபிடிச்சிருப்பாங்க அண்ணே," என்பார் டாக்டர். இப்படியே இரண்டு வருடம் போனபிறகுதான் இதயம் நிற்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் மேசையைத் தட்டி, "இந்தப் பத்தாவது வரி நிரம்பாம என் உயிர் போகாது, எழுதி வச்சுக்குங்க," என்றார். டாக்டர் விளையாட்டாகக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். இரண்டே நாளில் செவ்வாய்க்கிழமை வந்தது.

மெக்கானிக் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். இறந்தவர் வேலைக்கு வராவிட்டால் என்ன செய்வது என்று கம்பெனி விதிகளில் இருந்தது. வந்தால் என்ன செய்வது என்று இல்லை. அவர் கைக்கடிகாரம் பத்தேகாலில் நின்றது. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. யாராவது வரும்வரை நின்று கூடவே நுழைந்துகொள்வார். ஒன்பதாவது ஆள் ஏறினால் அலறும் லிஃப்ட், ஒன்பதாவதாக அவர் ஏறினால் பேசாமல் இருந்தது. கொசு அவரைச் சீண்டவில்லை. சாப்பாடு வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் மனைவி சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்த லிஃப்டுகளைப் பற்றிச் சொல்வார். கை மட்டும் சில்லென்று இருக்கும். ஆயுசு கெட்டி என்று தெருவில் நாலு நாள் பேசினார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

டோக்கனக்கா முதல் ஞாயிறே புரிந்துகொண்டாள். அன்றைக்குக் கண்ணாடிக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நாடி நின்றும் கூட்டத்தை விடாமல் வருகிற மனுஷனுக்காக இன்றைக்குத் தன் ஓட்டைப் பீரோ படத்துக்கே போட்டுவிடப் போவதாகக் கண்கலங்கச் சொன்னார்.  வெறும் வரி அல்ல அது, அவள் புருஷனின் உயிர் என்று அந்த நிமிடம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணே, நீங்க இரக்கப்பட்டுப் போடுற ஓட்டு அவரைக் கொன்னுடும்," என்றாள். கண்ணாடிக்காரருக்கு முகம் வெளுத்தது. அவர் டாக்டரிடம் சொன்னார், டாக்டர் டீச்சரிடம் சொன்னார்; அதன்பிறகு அந்த அறையில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாலு வருடம் அங்கே நடந்ததுபோல ஒரு விவாதம் எங்கும் நடந்திருக்காது. பேசவும் வேண்டும், ஜெயித்துவிடவும் கூடாது. டாக்டர் திருடன் படத்துக்காகத் தொண்டை கிழியப் பேசி, டீச்சரின் முகம் இளகுவதுபோலத் தெரிந்தால் சட்டென்று தானே உளறிக் குழப்பிவிடுவார். பேச்சு வேகம் எடுத்தால் டீச்சரின் வலது கால் இல்லாத பிரேக்கைத் தரையில் மிதிக்கும். ஒரு மழைக்கால ஞாயிற்றில் அவள் தன்னை மறந்து, "உண்மையைச் சொன்னா எனக்கே இப்ப இழுவையாத்தான் தெரியுது," என்று வாய்விட்டுவிட்டாள்.  டோக்கனக்கா கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு தானாக விழுந்ததா, அவள் போட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. துடைத்து முடிப்பதற்குள் டீச்சர் தன் வார்த்தையை விழுங்கிவிட்டாள். அந்தச் சமயங்களில் மெக்கானிக் ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார். அவர் மட்டும்தான் அங்கே நிஜமாகவே வாதாடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வீட்டுக்கு வரும் வழியில், "நான் பேசுறது எதுவுமே எடுபடலையே," என்றார்.  அவளுடைய பாவி மனசு, அவர் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டது.

மூன்றாவது வருடத்திலிருந்து அவர் தேய ஆரம்பித்தார். இமைகள் மூடவில்லை, கண்ணாடிக்காரர் கொடுத்த சொட்டு மருந்தை மணிக்கொரு தரம் விட்டுக்கொண்டார். தூக்கம் என்பது செவ்வாய்க்கிழமையோடு போய்விட்டது. மாடிப்படி ஏறினால் முழங்கால் கிரீச்சிட்டது. லிஃப்ட் கம்பிக்குப் போடும் கிரீஸை யாரும் பார்க்காதபோது முழங்காலில் தடவிக்கொள்வதை அவள் பார்த்தாள். "இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கா?" என்று அவர் தங்கை ஃபோனில் கேட்டபோது ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, முனகவில்லை. நாலாவது வருடம் ஒரு மத்தியானம், "பீரோ படத்தை ஒரு தடவை என்கூட உக்காந்து பாக்குறியா?" என்று மட்டும் கேட்டார்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை எத்தனையோ படங்களுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். விளக்கு அணைந்த ஐந்தாவது நிமிடம் அவள் தூங்கிப்போவாள். வெளியே வந்ததும் அவர், "எப்படி இருந்துச்சு?" என்பார். அவள், "நல்லா இருந்துச்சு," என்பாள். அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும் அவருக்குத் தெரியும் என்று. அன்றைக்கு மத்தியானம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவருடைய சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டு, தூங்குவதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்தாள். முதல் மாடி போனது. இரண்டாவது மாடியில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். மூன்றாவதில் அந்தப் பெண்டாட்டி, "கீழ வச்சுடலாங்க," என்றாள். அவன் "இன்னும் ஒரு மாடி" என்றான். மேலே நின்று இழுப்பவள் அவள். தன்னால்தான் பீரோ ஏறுகிறது என்று மூச்சு வாங்கினாள். நாலாவது மாடித் திருப்பத்தில்தான் எட்டிக் கீழே பார்க்கிறாள்: முழுப் பாரமும் அவன் தோளில் இருக்கிறது, சட்டையில் ரத்தம் ஊறியிருக்கிறது. டோக்கனக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்தாவது மாடியில் வாசல் குறுகல், பீரோ உள்ளே போகவில்லை. பெண்டாட்டி அதை நடைபாதையிலேயே திறந்து, அவன் கழற்றிக் கொடுத்த சட்டையை உள்ளே மாட்டுகிறாள். படம் முடிந்தது. அவர் எதுவும் கேட்காமல் திரையை விலக்கப் போனார். டோக்கனக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு மெக்கானிக் எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்தால் எழுவது கஷ்டம் என்பதால் கொஞ்ச நாளாக நின்றுகொண்டேதான் பேசினார். "நாலு பேரும் நின்ன இடத்துலயே நிக்கிறோம். ஒத்தப்படையா ஒரு ஆள் வேணும். பதினெட்டு வருஷமா இந்த ரூமைத் திறந்து விடுறவ இவதான். இவளுக்கு ஒரு ஓட்டுக் கொடுப்போம்."

"அக்காவுக்கு சினிமாவே பிடிக்காதே அண்ணே," என்றார் டாக்டர், அவசரமாக. கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கவே இல்லை. டீச்சரின் கால் தரையை அழுத்தியது. மெக்கானிக் யாரையும் பார்க்காமல் மனைவி பக்கம் திரும்பி, தியேட்டர் வாசலில் கேட்கும் அதே குரலில், "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்றார்.

அவளிடம் ஒரு வார்த்தை தயாராக இருந்தது. தூங்கிட்டேன். அதைச் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஓட்டு செல்லாது, அடுத்த ஞாயிறும் அவர் பத்து நிமிடம் தாமதமாக வருவார், அதற்கடுத்த ஞாயிறும். அவள் அவர் முழங்காலைப் பார்த்தாள். பேன்ட்டில் கிரீஸ் கறை இருந்தது. மூடாத கண்ணைப் பார்த்தாள். நாலு வருடமாக மேலே நின்று இழுத்துக்கொண்டிருந்தது தான் என்று நினைத்திருந்தாள்.

"இழுவைதான்," என்றாள். டாக்டர் மூச்சு விட்டார். "ஆனா நான் தூங்கல. மேல நிக்கிறவளுக்குப் பாரம் தெரியாதுங்க. கீழ நிக்கிறவருக்குத்தான் தெரியும். அது அவளுக்கு நாலாவது மாடியிலதான் புரியுது. எனக்கும் அங்கதான் புரிஞ்சுது."  செருமிக்கொண்டாள். "கீழ வச்சுடலாங்க. என் ஓட்டு பீரோ படத்துக்கு."

மெக்கானிக் சிரித்தார். பேனாவை எடுத்துப் பத்தாவது வரியில் குண்டு குண்டான எழுத்தில் படத்தின் பெயரை எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று டீச்சரைப் பார்க்கச் சொன்னார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் ஜன்னலோர நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, "அப்பாடா," என்று கண்ணை மூடினார். கைக்கடிகாரம் ஓட ஆரம்பித்தது. டாக்டர் நாடி பார்க்க எழவில்லை. டோக்கனக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர் தூங்க, அவள் விழித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் அந்தப் பழைய சான்றிதழை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் அதே குமாஸ்தா. வீட்டிலிருந்து ஆள் வந்திருந்ததால் இந்த முறை மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. நாலு வருடத்துக்கு முந்தைய தேதியை அப்படியே பதிவேட்டில் எழுதினார். நடுவில் இருந்த நாலு வருடத்துக்குப் படிவத்தில் இடம் இல்லை. தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் அவள், இழுத்துக்கொண்டிருந்தது, என்று எழுதினாள். குமாஸ்தா படித்துவிட்டுத் தலையாட்டி முத்திரை குத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, சார் அன்னைக்கு வந்தப்ப சொல்லிட்டுப் போனாரே, அந்தப் பத்தாவது இடம் கடைசியில எதுக்குப் போச்சு?" என்று கேட்டார்.

"பீரோ படத்துக்கு."

"அதுக்கா? இழுவையாச்சேம்மா அது!"

"கடைசி வரைக்கும் பாத்தீங்களா தம்பி?"

குமாஸ்தா கொஞ்சம் நெளிந்தார். "மூணாவது மாடியிலயே தூங்கிட்டேன்."

டோக்கனக்கா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப பேனாவை மூடி வைங்க," என்று சொல்லி, தரைத்தளத்திலிருந்து ஆரம்பித்தாள். வரிசையில் பின்னால் நின்ற ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கையில் இருந்த பைகளைக் கீழே வைத்தார்கள்.