சுனாமியிலும் ஷூவைக் கழற்றியவன்

அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் பிளசன்டனில் ஒரு ஜப்பானிய சுனாமிப் படம் எடுத்தார்கள். எல்லா இனத்து முகங்களும் வேண்டுமென்று, ஓடும் கூட்டத்தில் என்னையும் சேர்த்தார்கள்.

"அப்பா, யுவர் ஃபேஸ் வில் பீ தேர், ரைட்?" என்று கேட்ட மகள் வெண்பா, வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சுனாமி துரத்த, எல்லோரும் மேட்டிலுள்ள வீட்டுக்குள் ஷூவோடு பாய்ந்தார்கள். நான் மட்டும் பழக்கதோஷத்தில் வாசலில் நின்று ஷூவைக் கழற்றினேன்.

"கட்!"

தொலைந்தேன் என்று நினைத்தேன். ஜப்பானிய இயக்குநரோ, "எங்கம்மாவும் இப்படித்தான் செய்வாங்க" என்று சிரித்தபடி, கேமராவைக் கிட்டத்தில் வைத்து அதையே எடுத்தார்.

தியேட்டரில் பார்த்தால் முகமே இல்லை. கால்தான் இருந்தது, சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரலும்.

"வேற சாக்ஸே கெடைக்கலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

வெண்பாவோ எழுந்து நின்று, திரையில் தெரிந்த கட்டைவிரலைக் காட்டிக் கத்தினாள்: "தட்ஸ் மை அப்பாஸ் டோ!"