பூசணிக்காய் வெட்டிய காயம்

திங்கள், 6 அக்டோபர் 2025

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கிளினிக்கில், நோயாளிக்கு நான் என்ன உறவு என்று கேட்ட இடத்தில் 'தங்கை' என்று எழுதிவிட்டேன். கோவிந்தராசு அண்ணன் என் அண்ணன் இல்லை. தேக்காவில் நான் ஆர்டர் எடுக்கும் அச்சகத்தில் காகிதம் வெட்டுபவர். ஆனால் முதலாளி அன்னம்மா ஆன்ட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, "நாம எல்லாம் ஒரே குடும்பம் லா, எழுதும்மா" என்றார். கை தானாக எழுதிவிட்டது.

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

போன வாரம் ஆயுத பூஜை. வெட்டும் மெஷினுக்கு ஆன்ட்டி நீளமான சாமந்தி மாலை சாத்தினார். அந்தப் பழைய மெஷினில் ஒரு சென்சார் உண்டு. கத்திக்குக் குறுக்கே கை போனால் நிறுத்திவிடும். தொங்குவது கையா மாலையா என்று அதற்குத் தெரியாது. மெஷின் நின்று நின்று போனது. மாலையைச் சுருக்கிக் கட்டலாமே என்று சொல்ல நினைத்தேன். சாமி விஷயத்தில் எனக்கு என்ன தெரியும் என்று யோசிப்பதற்குள் ஆன்ட்டி சென்சாரை அணைக்கச் சொல்லிவிட்டார். மாலை தங்கியது.

இன்று காலை வெட்டியது ஆன்ட்டியின் மகள் சுஷ்மிதாவின் கல்யாணக் கார்டு. நழுவிய கார்டைச் சரிசெய்ய அண்ணன் கையை நீட்டினார். இடது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

டாக்சியில் ஆன்ட்டி அழுதார். உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே, டாக்டர் கேட்டால் தங்கியிருக்கும் தொழிலாளர் விடுதியில் பூசணிக்காய் வெட்டும்போது பட்டது என்று சொல்லும்படி அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நான் மெல்லக் கேட்டேன்.

"இருக்கு, வருஷா வருஷம் கட்டுறேன். கட்டுனா எடுக்கணுமா? ஆபிசர் வந்து மெஷினப் பாப்பாங்க. புள்ளைக்கு அடிபட்டா அம்மா மேலயா கிளெய்ம் பண்ணுவான்?"

ஆன்ட்டிக்கு இன்சூரன்ஸ் பட்டுப்புடவை மாதிரி. பீரோவில் இருந்தால் போதும்.

டாக்டர் நஸீஹா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயத்தைச் சுற்றிக் கல்யாணக் கார்டின் தங்கத் தூள் மின்னியது. எவ்வளவு பெரிய பூசணிக்காய் என்று கேட்டார். பொய் பழகாத அண்ணன் அடிபடாத கையால் எலுமிச்சம்பழ அளவு காட்டினார்.

"ஸ்மால் பம்ப்கின், டாக்டர்" என்றார் ஆன்ட்டி.

டாக்டர் மருத்துவ விடுப்பு எழுதினார். விடுப்பு வேண்டாம், லேசான வேலை என்று எழுதுங்கள், உட்கார்ந்து கார்டு அடுக்கட்டும் என்று ஆன்ட்டி கெஞ்சிப் பார்த்தார். விடுப்பைப் போலவே லேசான வேலை கொடுத்தாலும் விபத்தை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கிளமெண்டியில் என் பணியிடப் பாதுகாப்பு மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சொன்னார்களா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று போனில் குறிப்பைத் தேடினேன். சொல்லித்தான் இருந்தார்கள். நான் நிமிர்ந்தபோது டாக்டர் முடியாது என்று சொல்லி முடித்திருந்தார்.

கடைக்குத் திரும்பியதும் பிடோக்கில் இருக்கும் ஆன்ட்டி வீட்டிலிருந்து கோழி சூப் வந்தது. ஆன்ட்டி கரண்டியால் ஊட்டவே போனார். அண்ணன் உருகிவிட்டார். வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. முதலாளி அம்மா சொன்னபடியே இருக்கட்டும் என்று என்னிடம் சொன்னார்.

பைண்டிங் மேசையில் தைத்துக்கொண்டிருந்த உர்சுலா அக்கா தலையைத் தூக்காமல், "நம்ம சுஷ்மிதாவுக்கு விரல் போனாலும் சூப்புதானா, அன்னம்மாக்கா?" என்றார்.

ஆன்ட்டி காதில் விழாததுபோல இரத்தம் பட்ட கார்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கும்போதுதான் அவருக்கு வேறொன்று தோன்றியது.

"கோவிந்தராசு, கல்யாணத்தன்னைக்கு நீ வர வேணாம்பா. கையில கட்டோட நின்னா மாப்பிள்ளை வீட்ல சகுனம் பாப்பாங்க. சாப்பாடு பார்சல் அனுப்பி வைக்கிறேன்."

அண்ணன் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பாதிக்குமேல் மீதி இருந்தது.

"புள்ளைன்னா நான் மணவறைகிட்ட நிக்கணும்மா. வேலைக்காரன்னா இன்சூரன்ஸ் வரணும். பூசணிக்கா வெட்டுனவனுக்கு ரெண்டுமே இல்லையே?"

உர்சுலா அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக்கிக்கொண்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்பதுபோல ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கவில்லை.

அண்ணன் என் மேசைக்கு வந்து, எல்லார் காதிலும் விழும்படி, அமைச்சுக்கு எப்படித் தெரிவிப்பது என்று கேட்டார். ஊருக்கு அனுப்பினால் என்றேன். "ஒன்பது விரலோட சும்மா போறதுக்கு, நடந்ததச் சொல்லிட்டே போறேன்" என்றார்.

நாளை: வேலை முடிந்ததும், வகுப்புக்கு முன், பூன் லே விடுதிக்குப் போய் அண்ணனோடு உட்கார்ந்து மனிதவள அமைச்சுக்கு விபத்தைத் தெரிவிக்க வேண்டும்.