கார்டுக்கு வைத்த பொட்டு

குவைத்திலிருந்து ஹரிபாபு கொடுத்தனுப்பிய பழைய லேப்டாப்போடு நான்கு பக்கக் கடிதமும் வந்தது. இன்டர்நெட் கார்டைத் திருப்பதியிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லி, அதை லேப்டாப்பின் பக்கவாட்டில் எப்படிச் செருகுவது, எப்படி எடுப்பது என்று மனைவி பத்மினிக்கு வரிசை எண் போட்டு எழுதியிருந்தான். கார்டின் முனையில் அறுபத்தெட்டு ஓட்டைகள், தூசி படக்கூடாது என்பது நான்காவது. எடுக்கும்போது சும்மா பிடுங்கக்கூடாது என்பது பதினொன்றாவது, அடியில் இரண்டு கோடு.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு கேமராவில் வருவதாகவும் எழுதியிருந்தான். பத்மினியின் கவலையெல்லாம் மாமியார் கமலம்மா பேசுவாளா என்பதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு, பக்கத்து ஊரான நகரியில் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு விமானம் ஏறியவன் அவன். அன்றிலிருந்து கமலம்மா போனைத் தொடுவதில்லை. “சட்டைய வாங்கிக்கினு வரட்டும், பேசறேன்” என்பாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு பத்மினி கார்டைச் செருகினாள். பாதியில் நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தால், ஓட்டை வரிசை முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம்.

“புதுப் பொருளு. பொட்டு இல்லாம உள்ள போவலாமா?” என்றாள் கமலம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பத்மினிக்குத் திட்ட வாய் வரவில்லை. மகன் முகம் வரப்போகிற பொருளுக்குப் பொட்டு வைத்தவளிடம் என்ன சொல்ல? கார்டையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள்.

“இந்நேரத்துல இன்னாத்த தெச்சிக்கினு கீற?”

“ஜாக்கெட்டு ஹூக்கு, அத்தை.”

“எத்தினி ஹூக்குடி ஒரு ஜாக்கெட்டுக்கு?”

அறுபத்தெட்டு என்று சொல்ல முடியாமல் பத்மினி குனிந்துகொண்டாள். கடைசி ஓட்டையையும் கிளறி, பொடியைத் தட்டி, மாமியார் கண்ணில் படும்படி லேப்டாப் மூடியின் மேல் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். இந்த முறை கார்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

ஐந்து மணிக்குத் திரையில் ஹரிபாபு விட்டுவிட்டு அசைந்தான். கமலம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் “அம்மா” என்று எத்தனை முறை கூப்பிட்டும் சுவர்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அரைமணி போனது.

“சரி பத்மினி, வெக்கறேன். கார்டை அப்டியே புடுங்கிடாத. மொதல்ல லேப்டாப்புகிட்ட நிறுத்தச் சொல்லி கேளு. எடுத்துக்கலாம்னு அது சொல்லும். அப்பறமாதான் வெளிய எடுக்கணும்.”

கமலம்மா சரேலென்று திரும்பினாள்.

“துண்டு தகரம், அதுகூட கேட்டுக்கினுதான் வெளிய போவுமாம். பெத்தவ கிட்ட சட்டை தெக்கப் போறேன்னுட்டுப் போனவன் சட்டம் சொல்றான் பாரு.”

திரையில் ஹரிபாபுவின் வாய் திறந்தபடியே நின்றது. படம் நின்றுவிட்டதோ என்று பத்மினி பயந்தாள். பிறகு அவன் தலை குனிந்தது.

“தப்புதாம்மா. இப்ப கேக்கறேன். போய்ட்டு வரட்டுமா?”

கமலம்மா திரைக்கு அருகில் நகர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இந்தச் சட்டைய தெக்கத்தான் ரெண்டு வருசமா நைனா? கழுத்தே சரியா வெக்கல. இரு, இரு, எங்க ஓடற? இன்னா துன்ன, அத சொல்லு மொதல்ல.”

பத்மினி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, சார்ஜர் வயரைத் தேடப் போனாள்.