சோலைராஜ் மாட்டிய பெரிய பிஸ்டன்

தளவாய்புரத்துக்கு வெளியே வறண்ட கண்மாயில் நடக்கும் பைக் பந்தயத்தில், சோலைராஜ் தொடர்ந்து மூன்று தடவை மாரிசெல்வத்திடம் தோற்றான். மாரிசெல்வம் அவன் மனைவியின் தம்பி. தோற்றதுகூடப் பெரிதில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும், “அத்தானும் ஓட்டினாவளாம்க்கா, தூசிக்குள்ள நான் பாக்கல” என்று அவன் சொன்னதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

குறை வண்டியில்தான் என்று முடிவுகட்டிய சோலைராஜ், அதை லோடு ஆட்டோவில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனான். அங்கே ஹெப்சிபாவின் பட்டறை. இன்ஜின் வேலை என்றால் ராஜபாளையத்துக்காரர்களும் அவளைத்தான் தேடி வருவார்கள்.

“பெரிய பிஸ்டன், வால்வைத் தூக்குற கேம்ஷாஃப்ட் ரேஸுக்குள்ளது, கெட்டி வால்வு ஸ்பிரிங். எல்லாத்தையும் மாத்திருங்கக்கா.”

“ஓட்டுற ஆளை மாத்த வேண்டாமா தம்பி?” என்றாள் ஹெப்சிபா.

சிலிண்டரை உள்ளே அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டனை இறக்கியவள், அதன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டினாள்.

“பொம்மை செய்யப் போறியளோ?” என்று சிரித்தான் சோலைராஜ்.

அவள் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை மாட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடி கழற்றினாள். வால்வு அழுத்திய இடத்தில் களிமண் அப்பளம்போல நசுங்கிக் கிடந்தது.

“இடைவெளி எம்புட்டுன்னு பாத்தியா? இப்படியே ஓட்டினா வால்வு பிஸ்டன்ல முட்டி வளைஞ்சிரும்.”

பிஸ்டனில் வால்வுக்குழியை ஆழமாக்கிப் பூட்டியபின் அவள் எச்சரித்தாள்: “இந்த கேம்ஷாஃப்டுக்கு மெதுவாப் போனா இழுவை கெடையாது. திருப்பத்துல ஆக்சிலேட்டரை மூடினா வண்டி அணைஞ்சிரும். கிக்கரும் திருப்பி அடிக்கும்.”

சோலைராஜ் தலையாட்டியதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தின் முதல் திருப்பத்திலேயே பழக்கதோஷத்தில் மூடினான். வண்டி அணைந்தது. உதைத்தான், கிக்கர் எகிறிவந்து கெண்டைக்காலில் அறைந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“அண்ணே, நெழலுக்குப் பந்தல் போடவா?” என்று கரையிலிருந்து ஒரு குரல்.

ஐந்தாவது உதையில் வண்டி உறுமியபோது மற்றவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். அடுத்த திருப்பத்தில் கை தானாக மூடப் போனது. கால் விண்ணென்று தெறித்தது. இன்னொரு தடவை அந்தக் கிக்கரை உதைப்பதைவிட விழுந்தே தொலையலாம் என்று ஆக்சிலேட்டரை முறுக்கியே பிடித்தான். பின்சக்கரம் வழுக்கிச் சுழன்று, வண்டி அம்பாகப் பாய்ந்தது. அதன்பிறகு எந்தத் திருப்பத்திலும் அவன் மூடவில்லை. ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசி நேர்பாதையில் மாரிசெல்வத்தையும் முந்தி மூன்றாவதாக வந்தான்.

பார்க்க வந்திருந்த ஹெப்சிபா, “இந்தத் தைரியம் எங்கிருந்து வந்துச்சு தம்பி?” என்று கேட்டாள்.

“கூடவே பொறந்ததுக்கா.”

“அதான் கெண்டைக்கால்ல இப்படி வீங்கிருக்கோ?”

சோலைராஜும் சிரித்துவிட்டான். அதற்குள் தூசியைத் தட்டிக்கொண்டே மாரிசெல்வம் வந்தான். “அத்தானுக்குப் போட்ட பிஸ்டன், கேம்ஷாஃப்ட் எல்லாத்தையும் எனக்கும் போட்டுருங்கக்கா.”

“கண்டிப்பாப் போடு மாப்ள” என்றான் சோலைராஜ், கிக்கர் அறைந்த கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே. அவ்வளவு பாசமாக அவன் மாரிசெல்வத்திடம் பேசி ஆறு மாதமாகியிருந்தது.