சந்தனம் அடைத்த பேனா

விஜயதசமியன்று காலை கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கிளம்பிய பேருந்தில் ஓட்டுநருக்குச் சாலை அரைகுறையாகத்தான் தெரிந்தது. முந்தைய நாள் ஆயுதபூஜை. முன்கண்ணாடியில் திருநீற்றுப் பட்டையும், நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சந்தனமும் காய்ந்திருந்தன. நடத்துநரின் டிக்கெட் மெஷினையும் சும்மா விடவில்லை. குங்குமம் வைத்ததில் ஒரு பொத்தான் உள்ளே போய்த் திரும்பி வர மறுத்தது.

"பூஜ போட்டா நல்லா ஓடும்னாங்க. என்னா ஓட்டம் ஓடுது பாரு" என்று அவர் மெஷினைத் தொடையில் தட்டியபடியே பரங்கிப்பேட்டை வரை வந்துவிட்டார்.

செந்தமிழ்செல்வன் இதையெல்லாம் பார்த்தான், ஆனால் எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பாதி வேலை பேருந்திலேயே முடிந்திருக்கும்.

மடியில் ஒரு துணிப்பை. அதில் புதுப் பல்துலக்கி, பழைய பனியன் துணி, பாத்திரம் கழுவும் திரவம், ஒரு புட்டி நீல மை, காது கழுவும் ரப்பர் குமிழ். குமிழைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினான். "காதுல என்னா தம்பி?" என்று கடைக்காரர் அக்கறையாகக் கேட்டார். "பேனாவுக்குங்க" என்றான். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அவன் போய்க்கொண்டிருந்தது ஒரு பேனாவைக் கழுவ. அவனுடைய கல்யாணம் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

அவனும் ஸ்ரீமதியும் சிதம்பரத்தில் வேதியியல் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது அவன் கடலூரில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வகத்தில் இருக்கிறான். ஸ்ரீமதியின் அப்பா தில்லைநாதன் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் கேட்டு வந்தவனை அவர் திட்டவில்லை, விரட்டவில்லை, முடியாது என்றுகூடச் சொல்லவில்லை. காபி கொடுக்கச் சொன்னார். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "பேனா எழுதட்டும், பாக்கலாம்" என்றார்.

அவர் வேலையில் சேர்ந்த வருஷம் வாங்கிய, எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த கறுப்பு மைப் பேனா அது. அந்த வீட்டில் நல்ல காரியம் எதுவானாலும் முதல் எழுத்து அதில்தான். மனை வாங்கியது அதில். மூத்தவள் பவானியை ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக்கொடுக்க முகூர்த்தப் பட்டோலை எழுதியதும் அதில். பவானி கல்யாணத்துக்கு அடுத்து வந்த சரஸ்வதி பூஜையோடு பேனா நின்றுவிட்டது. வீடும் கூடவே நின்றுவிட்டது. புவனகிரி நிலத்தைத் தம்பியோடு பாகம் பிரிப்பது, மாடியில் குளியலறை, பின்கட்டில் ஒழுகும் ஓடு, செந்தமிழ்செல்வன் என்று எல்லாம் பேனாவுக்காகக் காத்திருந்தன. கோப்பைக் கிடப்பில் போடுவதில் தில்லைநாதனுக்குத் தாலுகா தாண்டியும் பெயர் உண்டு. ஓய்வுக்குப் பிறகு அந்தத் திறமை வீட்டுக்கே முழுநேரமாகக் கிடைத்தது.

"கழட்டி சுத்தம் பண்ணலாமேப்பா" என்று ஸ்ரீமதி கேட்டிருக்கிறாள்.

"அதக் கழட்டத் தெரிஞ்ச ஆளு இந்த ஜில்லாவுலயே இல்லம்மா" என்று அவர் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் புவனகிரிச் சித்தப்பா ஸ்ரீமதிக்கு நெய்வேலியில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். சித்தப்பாவுக்குப் பேனாப் பிரச்சினை கிடையாது. அவர் சட்டைப் பையில் எப்போதும் பால்பாயின்ட் இருக்கும்.

ஸ்ரீமதி போனில் சுருக்கமாகச் சொன்னாள். "விஜயதசமிக்கு வா. நல்ல நாளுன்னு அம்மா சொல்லி அப்பாவ ஒத்துக்க வச்சிட்டாங்க. நீ கழட்டலாம். ஒடைச்சிட்டன்னா எங்கிட்ட வந்து சொல்லிட்டு இருக்காத, அப்படியே கடலூர் பஸ்ஸ புடிச்சிடு."

மேல வீதிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் மறுபூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. ஸ்ரீமதியின் அம்மா ரத்தினம்மாள், அடுக்கியிருந்த புத்தகங்களின் மேலிருந்து பேனாவை எடுத்துக் கண்ணில் ஒற்றி அவனிடம் கொடுத்தாள். கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். தில்லைநாதன் நாற்காலியில் வேறொரு செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஸ்ரீமதி தூணில் சாய்ந்து, அறிமுகமில்லாத ஒருவனை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மூடியைத் திறந்தான். நிப்பே தெரியவில்லை. நிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தன உருண்டை, அதன் உச்சியில் குங்குமம்.

"நேத்து வச்சதுப்பா" என்றாள் ரத்தினம்மாள். "எல்லாரும் மூடியில வைக்கிறாங்க. மூடியிலயா எழுதுறோம்? எழுதுற எடத்துலதான வைக்கணும்."

"ஆமாங்கம்மா" என்றான் செந்தமிழ்செல்வன். பேருந்து நடத்துநரின் பொத்தான் அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பேனாவின் கழுத்தைத் திருகினான். மூன்று வருஷமாகத் திறக்காத பேனா என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தான். அதுவோ ஊறுகாய் ஜாடி மாதிரி வழுக்கிக்கொண்டு திறந்தது. மரையில் வாசலின் களிம்பு பளபளத்தது. அவன் நிமிர்ந்து தில்லைநாதனைப் பார்த்தான். அவர் நேரடி நெல் கொள்முதல் பற்றிய செய்தியில் ஆழ்ந்திருந்தார்.

கழுத்தைக் கிண்ணத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, பின்பக்கம் ரப்பர் குமிழை வைத்து அமுக்கினான். தண்ணீர் முன்னால் வரவில்லை. குமிழ்தான் கையில் பீய்ச்சியது. பல்துலக்கியால் தேய்த்தான். சந்தனம் மஞ்சளாக, பிறகு பழுப்பாக, பிறகு நீலம் கலந்த ஒரு நிறமாக இறங்கியது. நிப்புக்கு அடியில் கறுப்புக் கட்டை ஒன்று இருக்கும். மை அதன் நடுவில் கீறியிருக்கும் வழியாகத்தான் நிப்புக்கு வரவேண்டும். அந்தக் கீறலை ஒவ்வொரு வருஷத்துச் சந்தனமும் பூசி மெழுகியிருந்தது.

"என்னாப்பா அடைச்சிருக்கு?" என்றாள் ரத்தினம்மாள்.

வருங்கால மாமியாரிடம் சொல்லக்கூடிய பதில்களை அவன் வேகமாகப் புரட்டிப் பார்த்தான். "பழைய மைங்கம்மா. காஞ்சா கட்டியாயிடும்."

அவள் குனிந்து கிண்ணத்தை முகர்ந்தாள். "சந்தன வாசன வருதே."

"சில கம்பெனி மையில அப்படித்தாங்க வரும்."

"வேதியியல் படிச்ச புள்ள இப்படிப் பேசுது" என்றாள் ரத்தினம்மாள். முகம் சுருங்கிவிட்டது. "நாந்தானா? இந்த வீட்டுல ஒரு நல்லது நடக்காம மூணு வருஷமா நாந்தான் அடைச்சி வச்சிருந்தனா?"

தில்லைநாதன் பக்கத்தைப் புரட்டினார்.

"சாமிக்கு வச்சது. தெரிஞ்சா வச்ச?" என்றார் மறைந்திருந்தபடியே, பெருந்தன்மையாக.

அவள் உள்ளே போனாள். கண்ணைத் துடைக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். ஆவி பறக்கும் சொம்போடு திரும்பி வந்தாள். "வெந்நி ஊத்துப்பா. சந்தனம் தானா கரைஞ்சிடும்."

"வெந்நி வேணாம்!" என்றது செய்தித்தாள். உடனே இருமியது. "இல்ல, கைய கிய்ய சுட்டுக்கப் போறான்."

எபோனைட்டை வெந்நீரில் போட்டால் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். இணையத்தில் இரண்டு இரவு உட்கார்ந்து அவன் தெரிந்துகொண்ட விஷயம் அது. நெல் கொள்முதல் படிப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று செந்தமிழ்செல்வன் யோசித்தான். அதைக் கேட்டால் கல்யாணம் என்ன ஆகும் என்றும் யோசித்தான். சொம்பைத் தள்ளிவைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

நிப்பையும் கட்டையையும் கழுத்திலிருந்து வெளியே எடுத்தே ஆக வேண்டியிருந்தது. பனியன் துணியைச் சுற்றி இரண்டையும் சேர்த்துப் பிடித்தான். வரவில்லை. ஸ்ரீமதி தூணைவிட்டு நிமிர்ந்தாள். அவன் பிடியை மாற்றி மணிக்கட்டை ஒரு பக்கமாக முறுக்கினான்.

"டேய் டேய், திருவாத! நேரா இழு! அதுக்கு மரை கெடையாது, நிப்பு கோணிக்கும்!"

தில்லைநாதன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். செய்தித்தாள் காலடியில் கிடந்தது.

ரத்தினம்மாள் சொம்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அதுக்கு மரை கெடையாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொதுவா... பேனான்னா..."

"இந்த ஜில்லாவுலயே யாருக்கும் கழட்டத் தெரியாதுன்னீங்க."

"அது மத்தவங்களுக்கு."

"நீங்க எப்ப கழட்டினீங்க?"

தில்லைநாதன் முப்பது வருஷம் விசாரணை நடத்தியவர். பதில் சொல்லும் இடத்தில் இருந்து பழக்கமில்லை. மகளைப் பார்த்தார். மகள் மேலே பார்த்தாள். "வருஷா வருஷம் பூஜ முடிஞ்சதும் ஒருதடவ பாப்பேன்" என்றார். "அது கெட்டுடக் கூடாதுல்ல. வாசலின் போடணும்ல."

"உள்ள சந்தனம் இருந்தத பாத்தீங்க."

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"மூடிட்டேன்."

"இப்ப நான் அழுவப் போனேனே, அதையும் பாத்தீங்க."

ரத்தினம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஸ்ரீமதிக்குத் தெரியும். அவள் நகர்ந்து அப்பாவுக்கு வழிவிட்டாள்.

தில்லைநாதன் வேட்டியை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். "குடு இங்க" என்றார். துணியோடு பிடித்து நிப்பை ஒரே இழுப்பில் உருவினார். பெருமூச்சுபோல் ஒரு சத்தத்தோடு அது வந்துவிட்டது. கட்டையின் கீறலைச் சவரத் தகட்டின் மழுங்கிய ஓரத்தால் வழித்தார். தகடு அவர் சட்டைப் பையிலேயே இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். குமிழை மட்டும் செந்தமிழ்செல்வனிடம் விட்டார். இந்த முறை தண்ணீர் நேராகப் பாய்ந்து அவர் சட்டையை நனைத்தது.

"மன்னிச்சிடுங்க சார்."

"இன்னும் என்னா சாரு மோருன்னு" என்றாள் ரத்தினம்மாள். இருவரில் யாரைத் திட்டுகிறாள் என்று தெரியவில்லை.

துடைத்து, நிப்பைக் கட்டையின் நடுக்கோட்டுக்கு நேராக வைத்து, கழுத்தில் செருகினார். மையை ஊற்றினார். ஸ்ரீமதி வெள்ளைத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பிள்ளையார் சுழி போட்டார். நீலமாக, ஈரமாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல் விழுந்தது.

"எழுதுது" என்றாள் ரத்தினம்மாள்.

"மை காயட்டும்" என்றார் தில்லைநாதன்.

அவள் போய் மின்விசிறியை ஐந்தில் வைத்தாள். தாள் படபடத்தது. செந்தமிழ்செல்வன் ஒரு மூலையில் விரலை வைத்தான், மறு மூலையில் ஸ்ரீமதி வைத்தாள்.

"மொதல்ல பாகம் பிரிக்கிறத எழுதலாமா, இல்ல மாடி..."

"ஞாயித்துக்கெழம யாரோ வராங்கன்னு உங்க தம்பி சொல்லியிருக்காரு" என்றாள் ரத்தினம்மாள். "அதுக்குள்ள எழுத வேண்டியத மொதல்ல எழுதுங்க."

தில்லைநாதன் நிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் இனி பார்க்க ஒன்றும் இல்லை. "தம்பி" என்றார். "உங்கப்பா பேரு என்னா?"

இத்தனை நாளில் அவர் கேட்காத கேள்வி. காபி குடிக்கிறாயா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

"பாடலீஸ்வரனுங்க."

"நீளமான பேரு" என்று கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். கடைசி எழுத்துவரை மை விட்டுப்போகவில்லை. பேனாவைத் தூக்கி ஒருமுறை உதறிப் பார்த்தார்.

"இனிஷியல்?" என்றார்.

"வி" என்றாள் ஸ்ரீமதி, அவன் வாயைத் திறப்பதற்குள்.