உதைக்காத கால்

சண்டைக்காரி உதைக்கவில்லை. டாக்டரைப் பயமுறுத்தியது அதுதான்.

ஈ உட்கார்ந்தாலே காலை வீசுகிற குதிரை அது. லாயத்தில் அவளிடம் உதை வாங்காதவர் தபால்காரர் ஒருவர்தான், அவரும் கேட்டோடு திரும்பிவிடுவதால் தப்பித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவளின் வலது முன்னங்காலருகே குனிந்து, குளம்புக்குப் பின்னால் மெத்தென்றிருக்கும் குதிப் பகுதியில் பேனா முனையை வைத்து அழுத்தினாள் டாக்டர். ஒரு தடவை. மறுபடியும், பலமாக.

சண்டைக்காரி வாலைக்கூட ஆட்டவில்லை.

கால் மரத்துக் கிடந்தது. யாரோ ஊசி போட்டிருக்கிறார்கள்.

டாக்டர் நிமிர்ந்தாள். கழுத்தில் தொங்கிய கடிகாரத்தில் மணி ஏழு நாற்பது.

பத்தடி தள்ளி அவளுடைய அண்ணன், குதிரை வாங்க வந்தவரிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். லாயம் அண்ணனுடையது. பன்னிரண்டு வருடமாக அங்கே டாக்டர் தங்கைதான். ஊருக்கெல்லாம் டாக்டரம்மா, அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா.

ஒன்பது நாளுக்கு முன்னால்தான் சண்டைக்காரி நொண்ட ஆரம்பித்தாள். வலது கால் மண்ணில் படும்போதெல்லாம் தலையை வெடுக்கென்று தூக்கினாள். வலிக்கிற காலைக் குதிரை அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். டாக்டர் குளம்பைக் குறட்டால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். அங்கே வலி இல்லை. குளம்புக்கு மேலே இருக்கிற குட்டை எலும்பை விரலால் அழுத்தியபோது சண்டைக்காரி டாக்டரின் தோளையே கடித்துவிட்டாள்.

எக்ஸ்ரே எடுத்தாள். படம் சுத்தமாக இருந்தது.

"படத்துல இல்லாத விரிசல் உன் மண்டையிலதான் இருக்கு பாப்பா," என்றான் அண்ணன்.

"மயிரிழை விரிசல் முதல் நாள் தெரியாதுண்ணா. ஓரம் கொஞ்சம் கரைஞ்சாதான் கோடு விழும். பத்து நாள் கட்டிப் போடு. மறுபடி படம் எடுக்கிறேன்."

"பத்து நாள் கழிச்சும் தெரியலைன்னா?"

"அப்ப என்னைக் கட்டிப் போடு."

அன்றைக்குச் சிரித்தான். சரி என்று தலையையும் ஆட்டினான்.

பத்தாவது நாள் நாளைக்கு. இன்று டாக்டர் வந்தது வேறொரு குதிரையின் பல்லைப் பார்க்க. உள்ளே நுழைந்தபோது சண்டைக்காரி முற்றத்தில் துள்ளு நடை நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். தலை ஆடவில்லை. நாலு காலிலும் வெள்ளைக் கட்டு, கல்யாணப் பெண் மாதிரி. ஒரு காலில் மட்டும் கட்டியிருந்தால் வந்தவர் ஏன் என்று கேட்பார். நாலிலும் கட்டினால் அலங்காரம். கட்டின் அடியிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தது. அப்போதுதான் டாக்டர் பேனாவை எடுத்தாள்.

ஊசி போட்ட கை யாருடையது என்று யோசிக்கவே தேவையில்லை. நொண்டுகிற குதிரைக்கு வலி எங்கே என்று கண்டுபிடிக்க, கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாக மரக்கவைத்து, எந்த ஊசியில் நொண்டல் நிற்கிறது என்று பார்ப்பது டாக்டரின் வேலை. பன்னிரண்டு வருடமும் பக்கத்தில் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் அண்ணன். எந்த இடத்தில் குத்தவேண்டும் என்று அவள்தான் விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். மருந்து பாட்டிலும் அவளுடைய அலமாரியில் இருப்பதுதான். அலமாரிச் சாவி குடும்பச் சாவி, ஆளுக்கொன்று.

"நடை பிரமாதம்," என்றார் வந்தவர். "ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்களேன்."

"அதுக்கென்ன சார். டேய் ஒல்லி, ஏறு."

ஒல்லி என்கிற சவாரிக்காரன் ஒரே தாவில் ஏறி உட்கார்ந்தான்.

அந்த இடத்தில் டாக்டர் கத்தியிருக்கவேண்டும். 'இறங்கு' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் வீட்டுச் சண்டை வாசல் தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள். வெளியாள் முன்னால் அண்ணனை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணா, ஒரு நிமிஷம் இப்படி வா."

"இரு பாப்பா, சார் நிக்கிறார்ல."

"வான்னு சொல்றேன்."

தீவன அறைக்குள் வந்தான். கதவை வேறு சாத்தினான்.

"ஊசி போட்டியா?"

"துளியூண்டு."

"அந்த எலும்புல விரிசல் இருக்கு. வலிதான் அவளை ஜாக்கிரதையா கால் வைக்க வச்சுது. அதையும் எடுத்துட்டியே."

"ஒரே சுத்துதான். அதுக்குள்ள என்ன ஆயிடப்போகுது? இவர் இன்னைக்கு இவளை வாங்கலைன்னா அடுத்த ரேஸ் சீசனுக்கு லாயத்துல நீயும் நானும்தான் நின்னு கொள்ளு திங்கணும்."

"இறக்குடா அவனை."

அவள் வாயிலிருந்து 'டா' வந்தது முதல் தடவை. அண்ணன் அதிர்ந்துபோய் நின்றான். அதில் இன்னும் கொஞ்ச நேரம் போனது. டாக்டர் அவனைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"ஒல்லி! நிறுத்து!"

சண்டைக்காரி ஓட்டப் பாதையின் வளைவில் இருந்தாள். முழுப் பாய்ச்சல். காதுகள் விறைத்து, அவ்வளவு அழகாக. ஒல்லி திரும்பிப் பார்த்தான். அடுத்த அடியில் வலது கால் மண்ணில் ஊன்றியது; மேலே இருந்த உடம்பு அதைக் கேட்காமல் முன்னால் போனது. இருவரும் புழுதிக்குள் மறைந்தார்கள்.

ஒல்லி வாயில் மண்ணோடு எழுந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சண்டைக்காரியும் எழுந்தாள். அதுதான் கொடுமை. கால் குளம்புக்கு மேலே பக்கவாட்டில் தொங்கியது, அவளுக்குத் தெரியவில்லை. வலியே இல்லாத முகத்தோடு, ஓட்டம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, உடைந்த காலை ஊன்றி ஊன்றி லாயத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"பிடிச்சு நிறுத்து. ஒரு அடிகூட வைக்க விடாத," என்றாள் டாக்டர். தன் குரல் இவ்வளவு அமைதியாக வரும் என்று அவள் நினைத்ததில்லை.

கட்டை அவிழ்த்துத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு விரலுக்கடியில் சரளைக்கல் மாதிரி நகர்ந்தது. கட்டுப் போட்டும் சேராது, திருகாணி போட்டும் சேராது. செய்வதற்கு ஒன்றுதான் மிச்சம். அதற்கான ஊசி அவள் பையில் இருந்தது. கழுத்து நரம்பைத் தேடி அவள் விரல் போனபோது சண்டைக்காரி திரும்பி அவள் தோளைப் பார்த்தாள். கடிக்கவில்லை.

வந்தவருடைய கார் போய் வெகு நேரமாகியிருந்தது.

ஆபீஸ் அறையில் இறப்புப் படிவத்தோடு டாக்டர் உட்கார்ந்தாள். அண்ணன் எதிரே நின்றான். உட்காரவில்லை.

"குழியில கால் மடங்கிடுச்சுன்னு எழுது."

அவள் பேனா மூடியைக் கழற்றினாள். காலையில் அழுத்திய அதே பேனா.

"மருந்து உன் பாட்டில் பாப்பா. எழுதினா முதல்ல நாறப்போறது உன் பேர்தான்."

"நாறட்டும்."

"நீ அங்கயே கத்தியிருக்கலாம்ல?" அண்ணனின் குரல் உடைந்தது. "எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டிருக்கலாம்ல? எதுக்கு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனே?"

டாக்டர் தாளைக் கிட்டே இழுத்தாள்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. கோளாறு முதலில் கவனிக்கப்பட்ட நேரம்: ஏழு நாற்பது என்று எழுதினாள். விபத்து நடந்த நேரம்: ஏழு நாற்பத்து மூன்று.

நடுவில் என்ன நடந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. டாக்டர் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.