கழுத்து திரும்பிய பக்கம்

இன்பமணி பாடப்போகிறாள் என்று கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததுதான், ஒளிப்பானேன்? விளைச்சலுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் தனிப்பாட்டு என்றால் எங்கள் சபையில் இந்தச் சாரம்மாள்தான். பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அண்ணாந்து ஒட்டடை அடித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. உடனே பாடகர் குழுத் தலைவர் என் பாட்டைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டார். நேற்று வந்தவள்!

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாச்சுன்னா நீங்களே பாடுங்க" என்று எனக்கு ஒரு ஆறுதல் வேறு.

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கும் கிறிஸ்டி பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். மோவாயை உள்ளே இழுக்க வேண்டும். தோளை மெதுவாக உருட்ட வேண்டும். தலையை ஒரு பக்கம் திருப்பி, ஒரு மூச்சு நிறுத்தி, நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

"பைய செய்யுங்க ஆன்ட்டி. வலிச்சா அங்கனயே நிப்பாட்டிருங்க."

நிறுத்துவேனா? எழுந்ததும் செய்தேன், அடுப்படியில் செய்தேன், பக்கத்து மாடியில் இன்பமணி பாடிப் பழகும் சத்தம் கேட்டபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

"ஏட்டி, அந்தப் பிள்ள பைய செய்யச் சொன்னா. நீ என்ன செக்கு மாதிரி சுத்துத?" என்றார் என் வீட்டுக்காரர் அப்பாத்துரை.

"ஒங்களுக்கென்ன? நீங்களும் அவ பாட்டக் கேக்கத்தான காத்துக் கெடக்கிய!"

மனுஷன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பண்டிகைக் காலையில் சேலை கட்டிவிட்டு, கடைசியாக ஒருமுறை பார்ப்போமே என்று தலையை வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பினேன். அப்படியே நின்றுவிட்டது.

கோயிலில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு வலப்பக்கம்தான் பாடகர் குழு. குருவானவர் நேரே நிற்கிறார், என் மூஞ்சி மட்டும் இன்பமணியைப் பார்த்தபடி இருக்கிறது. கண்ணை மூடினால் தூங்குகிறேன் என்பார்கள்.

முதல் வரியிலேயே அவள் குரல் நடுங்கியது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அதன்பிறகு குரல் ஏறியது பாருங்கள், கோயிலே நிறைந்துவிட்டது. அடிப்பாவி, என்னைவிட நன்றாகப் பாடினாள்.

ஆராதனை முடிந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"யக்கா, எனக்குக் கைகாலு ஒதறிட்டு. எல்லாரும் புத்தகத்தப் பாத்துக்கிட்டு இருந்தாவ. நீங்க மட்டுந்தான் என்னயவே பாத்துக்கிட்டு இருந்திய. அந்தத் தைரியத்துலதான் பாடி முடிச்சேன். அடுத்த வருசமும் நான் பாடும்போது நீங்க இப்படியே முன்னால இருக்கணும்க்கா, சரியா?"

மாட்டேன் என்று தலையாட்டக்கூட என்னால் முடியவில்லை.